படிக்கட்டில் தொலைந்த முகம்

மாலைக் கல்லூரியின் வீடியோ சர்வரைக் கவனித்துக்கொள்பவளுக்கு எதையும் மறுபடி சரிபார்க்காமல் மனசு ஆறாது. அன்றைக்கும் வகுப்பறையில் இரண்டு மடிக்கணினிகளை அருகருகே வைத்துச் சோதித்திருந்தாள். படம் பளிச்சென்றும் குரல் கணீரென்றும் வந்தன. ஆனால் வெளியூரிலிருந்த தேர்வாளர் இணைந்தபோது, திரையில் அவர் பெயர் மட்டும் வந்து நின்றது. முகமும் இல்லை, குரலும் இல்லை.

வாய்மொழித் தேர்வுக்காக எதிரே உட்கார்ந்திருந்தது அவளுடைய சொந்த அக்கா. இதில் தேறினால்தான் ஆய்வகப் பொறுப்பாளர் வேலை. இன்று தவறினால் அடுத்த ஆண்டுதான்.

"ஏன்டி, என்னைக் கண்டா மட்டும் உன் பெட்டிக்கு வாயடைச்சுப் போயிடுமா?" அக்கா சிரிக்கத்தான் பார்த்தாள், கையில் கைக்குட்டை கசங்கியது.

"சும்மா இரு அக்கா, நானே கதிகலங்கிப் போயிருக்கேன்."

முதல்வர் எட்டிப் பார்த்தார். "தேர்வாளர்கிட்ட போன்ல பேசிட்டேம்மா. கொஞ்ச நேரம்தான் பொறுப்பாராம். முடியலைன்னா சொல்லிடு."

கேமரா, மைக், வயர் எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. சர்வர் கீழ்த்தளத்தில் இருந்தது. வீடியோ கூட்டத்தைக் கைபேசியில் திறந்தபடியே இறங்கினாள். படிக்கட்டின் திருப்பத்தில் அக்காவின் முகம் அணைந்து, பெயர் மட்டும் நின்றது. வைஃபை எட்டாமல் கைபேசி மொபைல் டேட்டாவுக்குத் தாவியிருந்தது. மேலே ஏறினாள், முகம் வந்தது. இறங்கினாள், போய்விட்டது.

"பரீட்சை எனக்கு, பைத்தியம் உனக்கா?" என்றாள் வாசலுக்கு வந்த அக்கா.

"அக்கா, நம்ம வைஃபைக்கு வெளியே இருக்கறவங்களுக்குத்தான் முகம் தெரியலை! இத்தனை நாளா நான் வீட்டுக்குள்ள நின்னே கதவைத் தட்டிப் பாத்திருக்கேன்!"

காலையில்தான் இணைய நிறுவனத்து ஆள் ரவுட்டரை மாற்றிப் போயிருந்தார். அதோடு, வெளியிலிருந்து கல்லூரியை எட்டும் இணைய முகவரியும் மாறிவிட்டது. கூட்டத்துக்குள் நுழையும் வழி தானாகவே புது முகவரிக்குத் திரும்பிவிட்டது. படத்தையும் குரலையும் எங்கே அனுப்புவது என்று கேட்டால் மட்டும், சர்வர் இன்னமும் பழைய முகவரியையே சொல்லிக்கொண்டிருந்தது.

கீழே ஓடி, புது முகவரியைத் தட்டினாள். ஓர் எண் பிசகினாலும் போச்சு. பின்னாலேயே வந்த அக்காவை உரக்கப் படிக்கச் சொன்னாள்.

"சரியாத்தான் இருக்கு."

"இன்னொரு தடவை."

"சரியாத்தான் இருக்குடி! அமுக்கு!"

அமுக்கினாள். சர்வர் நின்று மறுபடி தொடங்க, மாடியில் திரை இருண்டது. "ஐயையோ" என்றது முதல்வரின் குரல். அக்கா மாடிக்கு ஓடினாள். இவள் மடிக்கணினியின் பக்கமே போகவில்லை. நேரே படிக்கட்டின் திருப்பத்துக்குப் போய்க் கைபேசியைத் தூக்கிப் பிடித்தாள். அக்காவின் முகம், நெற்றி வியர்வை உட்பட, தெளிவாக வந்தது.

"நான் பேசுறது கேக்குதாம்மா?" தேர்வாளரேதான்.

"நல்லாக் கேக்குது சார்!" என்றாள் அக்கா.

தேர்வு முழுவதையும் இவள் அந்தப் படியிலேயே உட்கார்ந்து பார்த்தாள். எங்கும் திக்காமல் பதில் சொன்னாள் அக்கா. கடைசியில் தேர்வாளர், "பாஸ்ம்மா, வாழ்த்துகள்" என்றார்.

அக்கா போட்ட கூச்சல் முதலில் கதவு வழியாக வந்தது. அரை மூச்சு தள்ளி, வெளியுலகமெல்லாம் சுற்றிக்கொண்டு, கைபேசி வழியாகவும் வந்தது.