வாயைத் திறக்காமல் வீடு பிடிப்பது எப்படி

காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் அகதிகளின் வாடகைப் பிரச்சினைகளை ஆய்வு செய்துகொண்டிருந்த அருள்முருகனுக்கு இதுவரை யாரும் வாடகைக்கு வீடு கொடுத்ததில்லை. கல்யாணமாகாதவன் என்பது காரணம். எனவே ஹாஸ்டலில் இருந்தபடியே மற்றவர்களுக்கு வீடு தேடிக் கொடுக்கும் தன்னார்வலன் ஆனான்.

இப்போது அவன் பொறுப்பில் இருந்தவள் யோகராணி. ஆறு வயதில் தலைமன்னாரிலிருந்து படகேறி வந்தவள். புருஷன் பெயின்டர், மகள் டவுனில் நர்சிங் படிக்கிறாள். சாரம் பகுதியில் அவர்கள் குடியிருக்கும் வீட்டை இந்த வாரக் கடைசியில் இடிக்கப்போகிறார்கள். வேறு வீடு அமையாவிட்டால் மூவரும் அகதிகள் முகாமுக்கே திரும்பி, அக்கா குடும்பத்தோடு ஒரே அறையில் படுக்க வேண்டும். மகள் பாதிப் படிப்பை பஸ்ஸில் நின்றபடி முடிக்க வேண்டும்.

வீட்டுக்காரர்கள் இலங்கைப் பேச்சைக் கேட்ட பிறகுதான் மறுக்கிறார்கள் என்பது அருளின் ஆய்வு முடிவு.

"அக்கா, நீங்க வாயே தொறக்காதீங்க. நான் பேசிக்கறேன். முக்கியமா, மாசாமாசம் போலீஸ் வந்து பாக்கறதைச் சொல்லிடாதீங்க."

"மூச்சு விடலாமோ?" என்றாள் யோகராணி.

"மெதுவா விடுங்க."

அன்று அவர்கள் பார்க்கப்போன அமுதவல்லியின் வீடும் சாரத்தில்தான், ஒயின் ஷாப்புக்கு அடுத்த காம்பவுண்டு. மாடி வெகுநாளாகக் காலி. கேட்டைத் திறந்தவள் அருளை மட்டும் பார்த்தாள்.

"பேச்சிலருக்குக் குடுக்கறதில்ல."

"எனக்கில்லம்மா, இவங்க குடும்பத்துக்கு."

"இவங்க உனக்கு யாரு?"

"அக்கா."

"கூடப் பொறந்த அக்காவா?"

"இல்லம்மா... உரிமை அடிப்படையில."

"அது என்ன மொறை? சரி, அது ஏன் பேச மாட்டேங்குது?"

"தொண்டை சரியில்ல."

அமுதவல்லி நம்பவில்லை. பதற்றத்தில் அருளுக்குப் படித்ததெல்லாம் வந்துவிட்டது. "வீடுங்கறது மனித உரிமைம்மா. ஐ.நா.வோட அகதிகள் உடன்படிக்கையிலயே..."

"அகதியா?"

அருள் வாயை மூடிக்கொண்டான். கொஞ்சம் தாமதம்.

"அந்த உடன்படிக்கையில நம்ம நாடு கையெழுத்துப் போட்டிருக்கா?"

"...இல்லம்மா."

"அப்ப நான் மட்டும் எதுக்கு அக்ரிமென்ட் போடணும்?"

யோகராணி வாயைத் திறந்தாள்.

"ஓமம்மா, நாங்க முகாம் ஆக்கள்தான். மாசம் ஒருக்கா போலீஸ் வந்து, எல்லாரும் இருக்கிறமோ எண்டு பாத்திட்டுப் போகும். இப்பவே சொல்லிப்போட்டன், பிறகு குறை சொல்லக்கூடாது."

அருள் கண்களை மூடினான்.

"யூனிஃபார்ம்லயா வருவாங்க?" என்றாள் அமுதவல்லி.

"ஓம்."

"ஜீப்புலயா?"

"சில நேரம்."

அமுதவல்லி தன் காம்பவுண்டுச் சுவரைப் பார்த்தாள். சனி, ஞாயிறுகளில் சென்னை நம்பர் கார்களில் வந்து குடிப்பவர்கள் தவறாமல் நனைத்துவிட்டுப் போகும் சுவர். சாமி படம் பதித்த டைல்ஸ்கூட அவர்களைத் தடுக்கவில்லை. மாடி காலியாகக் கிடந்ததும் அந்த நாற்றத்தால்தான்.

"ஜீப்பை அந்தச் செவுத்தோரமா நிறுத்துவாங்களா?"

"கேட்டுப் பாக்கலாம்."

அருளுக்குப் பொறுக்கவில்லை. இதைக் கண்டித்து அவன் ஒரு அத்தியாயமே எழுதியிருந்தான். "அம்மா, மாசாமாசம் வீட்டுக்கு வந்து வேவு பாக்கறதே மனித உரிமை..."

"தம்பி," என்றாள் யோகராணி, "இப்ப உங்களுக்குத்தான் தொண்டை சரியில்லை."

அமுதவல்லி சிரித்துவிட்டாள். "சரி, குடுக்கறேன். ஆனா ஆடி பொறந்துடுச்சு. ஆடியில யாரும் பால் காய்ச்ச மாட்டாங்க. ஆவணியில வாங்க."

யோகராணியின் முகம் சுருங்கியது. ஆவணிவரை முகாமில் அக்காவின் ஒரே அறைதான்.

"நாங்க படகேறினதே ஆடியிலதானம்மா. அப்ப நல்ல நாள் பாத்திருந்தா, இப்ப உங்களோட கதைக்க ஆள் இருந்திராது."

அமுதவல்லி இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை உருட்டினாள்.

"பால் காய்ச்சாம எப்படிம்மா குடி வர்றது?"

"பால் வேண்டாம். நாங்க வெறுந்தேத்தண்ணி போடுறம்."

அமுதவல்லி கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றி நீட்டினாள்.

"எனக்கு சுகர். சக்கரை போடாமக் குடு."