பட்டியலில் இல்லாத வாக்கியம்

கோர்ட்டில் தட்டச்சு வேலை பார்த்தவளை முதலில் கைவிட்டது வலதுகைச் சுண்டுவிரல்தான். நீதிபதி சொல்லச் சொல்ல இருபது வருஷம் மூச்சுவிடாமல் அடித்த கை, திடீரென்று ஒரே எழுத்தை விட்டுவிட்டு அடிக்க ஆரம்பித்தது. கண்ணாடியை மாற்றினாள், கீபோர்டை மாற்றினாள், ஒன்றும் நடக்கவில்லை. ஆறு மாதத்துக்குள் மற்ற விரல்களும் படுத்துவிட்டன, காலும் நிற்கவில்லை. தசைகளை ஆட்டிவைக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாகிற நோய் என்றார் டாக்டர். மருந்து கிடையாது, ஆனால் அறிவு மட்டும் கடைசிவரை தெளிவாக இருக்கும் என்றார். அதை ஏதோ நல்ல செய்தி போலச் சொன்னார்.

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ஒயர் ஓடுகிற எதையும் சரிபண்ணிவிடலாம் என்று நம்புகிற ஆள். டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு வெளியே வந்து, ஆஸ்பத்திரி லிஃப்டின் கதவு இழுத்து மூடுவதைப் பார்த்தான். "இதுக்கு ரோலர் தேஞ்சிருக்கு" என்றான். அவள் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அழுதாள்.

அவளுக்கு ஒரே தம்பி. சின்னவன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். வேறொரு நாட்டில் வேலை. ஏதோ காகிதச் சிக்கல், அங்கிருந்து கிளம்பினால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள். "அக்கா, நான் வர முடியல, நீ வா" என்று அவன்தான் அந்த யோசனையைச் சொன்னான். கம்ப்யூட்டருக்குள் ஒரு உலகம் இருக்கிறது, தலையில் கண்ணாடி மாட்டிக்கொண்டால் ஆளுக்கொரு உருவத்தில் அதற்குள் நடக்கலாம், பேசலாம், கடற்கரை கூட இருக்கிறது என்றான்.

மெக்கானிக் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எல்லாவற்றையும் மாட்டினான். முதலில் அவள் முகத்தையே கேமராவில் எடுத்து, அவளைப் போலவே ஒரு பெண் உருவம் செய்தான். இவள் சிரித்தால் அதுவும் சிரிக்கும். ஆனால் அதற்குள் இவள் முகத்தில் இடதுபக்கம் மட்டும்தான் சிரித்தது. அந்த உலகத்துக்குள் ஆசையாக ஓடிவந்த தம்பி பாதியிலேயே நின்றான்.

"அக்கா, என் மேல கோபமா? ஏன் ஒரு மாதிரி முறைக்கிற?"

அவள் கண்ணாடியைக் கழற்றச் சொல்லிவிட்டாள். அப்போது பேச்சு குழறும், ஆனால் புரியும். மறுநாள் காலையில் காபி ஊட்டும்போது சொன்னாள்.

"மனுஷ மூஞ்சி வேண்டாங்க. ரோபோ ஏதாவது இருக்கான்னு பாருங்க. ரோபோவுக்கு மூஞ்சி அசையலைன்னா யாரும் என்னன்னு கேக்க மாட்டாங்க."

இருந்தது. தோள், கை, கால் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்துப் பூட்டலாம். மெக்கானிக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. ஏழடி உயரம் வைத்தான்.

"உங்களை விட உசரமா பொண்டாட்டி எதுக்கு உங்களுக்கு? என் உசரமே வைங்க" என்றாள்.

"கலர்?"

"பச்சை. பீரோவுக்கு அடிப்பாங்களே, அந்தப் பச்சை."

"சின்னவன் பயந்துக்கப் போறான்."

"பீரோவைக் கட்டிக்கிட்டு வாழுறவர் நீங்களே பயப்படல, அவனுக்கு என்ன?"

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்ததில் அவளுக்குப் புரையேறி, மூச்சு திரும்ப ஐந்து நிமிஷம் ஆனது. அதுவரை அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தான்.

பழைய லிஃப்டிலிருந்து கழற்றிப்போட்ட பொத்தான்கள் எட்டை ஒரு பலகையில் பதித்து, அவள் கைக்கு அடியில் வைத்தான். தொட்டாலே போதும் என்கிற அளவுக்கு ஸ்பிரிங்கை மெல்லிசாக மாற்றினான். ஒரு பொத்தானுக்கு ஒரு வேலை: நடக்க, திரும்ப, உட்கார, கையாட்ட, கைதட்ட என்று. பச்சை ரோபோ சின்னவனோடு அந்தக் கடற்கரையில் நாள் தவறாமல் நடந்தது. சின்னவன் சொன்ன ஜோக்குக்கெல்லாம் கைதட்டியது.

பேச்சும் போகப்போகிறது என்று தெரிந்ததும், போவதற்குள் அவள் குரலை எடுத்துவைக்க முடிவு செய்தார்கள். மதியத்தில் தெருச் சத்தம் கேட்காமல் இருக்கக் கதவில் போர்வையைத் தொங்கவிட்டு, ஒரு நாளைக்கு நாலு வாக்கியம் என்று பதிவு செய்தான். பின்னாளில் பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் ரோபோ அவள் குரலிலேயே பேசும். 'தண்ணி வேணும்.' 'சாப்பிட்டியாடா?' 'முதுகு வலிக்குது.' 'போதும், அறுக்காதே.' இப்படி நாற்பது.

நாற்பத்தோராவதை அவள் யாரும் கேட்காமல் தானாகச் சொன்னாள். அதற்காக மூச்சைச் சேர்த்துவைத்திருந்தவள் போல, குழறாமல் சொன்னாள்.

"தொண்டைல குழாய் போட வேண்டாம். மூச்சு நின்னா நிக்கட்டும்."

"இது எதுக்கு இப்ப?"

"சேர்த்துக்கங்க. தேவைப்படும்."

அவன் தலையாட்டினான். குரல்களையெல்லாம் பட்டியலில் ஏற்றும்போது, நாற்பதோடு நிறுத்திக்கொண்டான். நாளைக்குச் சேர்க்கலாம் என்று நினைத்தான். மறுநாளும் அப்படியே நினைத்தான். அப்புறம் நினைப்பதையும் விட்டுவிட்டான்.

பொத்தான்கள் குறைந்துகொண்டே வந்தன. எதை விடுவது என்று ஒவ்வொரு தடவையும் அவளைத்தான் கேட்பான். முதலில் கைதட்டலை விட்டாள். அப்புறம் உட்காருவதை. "நிஜத்துல உட்கார்ந்தேதானே இருக்கேன்" என்றாள். அவள் சொந்தக் குரலில் அவன் கேட்ட கடைசிப் பேச்சு கிட்டத்தட்ட அதுதான். அடுத்த கோடையில் பலகையையே எடுத்துவிட்டு, கன்னத்தில் ஒட்டுகிற சின்ன ஸ்விட்சுக்கு வந்துவிட்டார்கள். திரையில் ஒவ்வொரு வரியாக வெளிச்சம் ஓடும், வேண்டிய வரி வந்ததும் அவள் கன்னத்தை லேசாக அசைப்பாள். நடப்பதும், திரும்புவதும், அந்தப் பட்டியலும்தான் மிச்சம்.

ஒரு நாள் டாக்டர், மூச்சு பலவீனமாகிறது, தொண்டையில் துளைபோட்டுக் குழாய் வைத்தால் மெஷினில் இன்னும் கொஞ்சகாலம் இருக்கலாம், வேண்டுமா வேண்டாமா என்று வீட்டில் பேசி முடிவெடுத்து அடுத்த வாரம் சொல்லுங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் பட்டியலைத் திறந்தாள். வெளிச்சம் முதல் வரியிலிருந்து நாற்பதாவது வரை இறங்கியது. மறுபடி மேலே போய் இறங்கியது. மூன்றாவது சுற்றும் முடிந்தபிறகு கண்ணைத் திருப்பி அவனைப் பார்த்தாள்.

"அது... அது சரியா பதிவாகலம்மா" என்றான்.

எழுத்து அட்டையைக் கொண்டுவரச் சொல்லிக் கண்ணால் காட்டினாள். அவன் ஒவ்வொரு எழுத்தாகத் தொட, அவள் கண்ணை மூடி மூடிச் சொன்னாள். 'குழா' வரைக்கும் வருவதற்கே நெற்றி வியர்த்துவிட்டது.

"புரிஞ்சிடுச்சு. டாக்டர்கிட்ட நானே சொல்லிடறேன். நீ அலட்டிக்காதே."

அவள் நம்பினாள். கண்ணை மூடித் தூங்கிப்போனாள்.

அந்த அடுத்த வாரம் வரவேயில்லை. இரண்டு நாள் கழித்துக் காலை ஒன்பது மணிக்கு, அவன் தலை வாரிவிட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் உதடு நீலமாகிவிட்டது. ஆம்புலன்ஸில் நினைவு தப்பியது. அவசரப் பிரிவில் புது டாக்டர் ஒருத்தர், கையுறையை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"குழாய் போடணும். வேண்டாம்னு அவங்க முன்னாடியே ஏதாவது சொல்லியிருக்காங்களா?"

"இல்ல" என்றான். "போடுங்க."

ஒரு மாதம் கழித்து, மூச்சு மெஷினோடு அவளை வீட்டுக்குக் கூட்டிவந்தான். கன்னமும் அசையவில்லை. வலது இமை மட்டும் வேலை செய்தது. ஸ்விட்சை இமைக்கு மாற்றிக் கட்டினான். யாரும் சொல்லாமலே, அந்த வாக்கியத்தையும் பட்டியலில் ஏற்றினான். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்றுதான் செய்தான். வெளிச்சம் அந்த வரிக்கு வந்தபோது அவள் அதைப் பார்த்தாள். அது தாண்டிப் போகிற வரைக்கும் இமைக்கவில்லை. பட்டியலை மூடினாள். அதற்கப்புறம் திறக்கவில்லை.

தண்ணி இறங்காத தொண்டை, தண்ணி கேட்கத் தேவையில்லைதான். ஆனாலும் வலிக்குது என்று கூடச் சொல்லவில்லை. பேச்சைச் சுத்தமாக நிறுத்திவிட்டாள். தினமும் ரோபோவாக உள்ளே போய்த் தம்பியோடு நடப்பது மட்டும்தான்.

"அக்கா வாயே திறக்க மாட்டேங்குறா மாமா. ஸ்பீக்கர் கோளாறான்னு பாருங்க" என்றான் சின்னவன் ஒரு நாள், உள்ளே இருந்தபடியே. மெக்கானிக் இந்தப் பக்கம் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தான். மூன்று மாதமாக மென்று விழுங்கியதெல்லாம் அந்த ஒரு கேள்வியில் மேலே வந்துவிட்டது. அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தே சொன்னான்.

"கோளாறு ஸ்பீக்கர்ல இல்லடா. குழாய் வேண்டாம்னு அவ சொல்லியிருந்தா. குரல்ல எடுத்தும் வெச்சேன். நான்தான் பட்டியல்ல சேர்க்கல. டாக்டர் கேட்டப்பவும் இல்லன்னுட்டேன்."

அலைச் சத்தத்துக்கு நடுவே சின்னவன் விம்முவது கேட்டது.

"நல்லவேளை மாமா" என்றான். "நல்லவேளை நீங்க சேர்க்கல. இல்லாட்டி எனக்கு அக்கா ஏது?"

திரையில் பச்சை ரோபோ அவன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. மெதுவாக, ஒவ்வொரு இமைப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. முழுக்க முதுகைக் காட்டிவிட்டு, கரையோரமாக நடக்க ஆரம்பித்தது. "அக்கா, நில்லு! அக்கா!" என்று சின்னவன் பின்னாலேயே ஓடினான். அது நிற்கவில்லை. அந்த உலகத்தின் எல்லை வந்து இடித்து, அதே இடத்தில் காலை மட்டும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தது. மெக்கானிக் எழுந்துபோய் அவள் கண்ணாடியைக் கழற்றினான். அவள் கண்ணிலிருந்து காதுவரை தண்ணீர் ஓடியிருந்தது. துடைத்துவிட்டான்.

"மன்னிச்சிடு" என்று கேட்கத்தான் வாயைத் திறந்தான். அவள் இமையை மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் உள்ளேயும் போகவில்லை. பதினோரு மாதம் இருந்தாள். அவன் வேலையை விட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருந்தான். இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைத்தான், சளியை உறிஞ்சி எடுத்தான், நகம் வெட்டினான். சில நாள் அவளை நிமிர்த்திப் பிடித்துத் துடைக்கும்போது அவள் பார்வை அவன்மேல் நிலைத்து நிற்கும். அதில் இருந்தது கோபமா, பழகிப்போனதா என்று அவனுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை.

மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்தான். இதயம் நின்றால் மறுபடி ஓடவைக்கப் பார்க்கணுமா என்று டாக்டர் கேட்டார்.

"வேண்டாம்" என்றான். "எதுவும் வேண்டாம்னு அவளே சொல்லியிருக்கா."

டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார். "எப்போ சொன்னாங்க?"

"ரெண்டு வருஷம் ஆகுது."

டாக்டர் பேனாவை நிறுத்தி, தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தார். அவள் தொண்டையில் இருந்த குழாயைப் பார்த்தார். மிச்சத்தை எழுதி முடித்தார்.

மறுநாள் மத்தியானம் அவள் போய்ச்சேர்ந்தாள். சின்னவனுக்குச் சொல்ல மெக்கானிக் போனை எடுத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, அந்தப் பக்கம் யாரும் எடுக்கவில்லை.