அசையாமல் கிடந்தால் அணையும் விளக்கு

நான் விளக்குக் கடையில் விற்பனையாளன். எனக்கு ஒற்றைத் தலைவலி. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் கேட்பவர்கள் சிரித்துவிடுகிறார்கள். நரம்பு டாக்டரே சிரித்தார். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “வேற கடையே கிடைக்கலியா உங்களுக்கு?” என்றார்.

“கிடைச்சா சொல்லுங்க டாக்டர்” என்றேன். அவர் பேனாவை எடுத்துக்கொண்டார்.

எங்கள் கடையில் காலையில் போடும் விளக்குகளை ராத்திரி ஷட்டரை இறக்கும்போதுதான் அணைப்போம். கூரையெல்லாம் சரவிளக்கு. சுவரெல்லாம் சுவர்விளக்கு. நின்றபடி எரிபவை, குனிந்தபடி எரிபவை, தொட்டால் எரிபவை, கை தட்டினால் எரிபவை. எரியாத விளக்கை எவரும் வாங்குவதில்லை என்பதால் விற்காத விளக்குகள் எல்லாமே வருஷக்கணக்கில் எரிந்துகொண்டிருக்கின்றன. குடும்பத்தோடு வருகிறவர்கள் ஒரு சரவிளக்கைக் காட்டி, “வீட்டுல மாட்டினாலும் இப்படியே ஜொலிக்குமா?” என்று கேட்பார்கள். சுற்றிலும் இன்னும் நூறு விளக்கை மாட்டினால் ஜொலிக்கும். அதைச் சொல்லக் கூடாது. “இதைவிட நல்லா இருக்கும் மேடம்” என்று சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.

தலைவலி சொல்லாமல் கொள்ளாமல் வருவதில்லை. முதலில் கொட்டாவிகளை அனுப்பி இடம் பார்க்கும். அடுத்து, கண்ணோரத்தில் சின்னதாக ஒரு ரம்பம் பளபளக்கும். அது மெல்ல வளரும். எதிரில் நிற்பவரின் முகத்தில் பாதி காணாமல் போகும். சில வாடிக்கையாளர்களுக்கு அது மேல். அதன் பிறகு இடது கண்ணுக்குப் பின்னால் யாரோ மேசை நாற்காலியைத் தரதரவென்று இழுத்துப் போட்டுக் குடியேறுவார்கள். மறுநாள் வரைக்கும் காலி செய்ய மாட்டார்கள்.

இதற்கு ஊரெல்லாம் வைத்தியர்கள். வயிறு என்றார் ஒருவர். தலையணை என்றார் இன்னொருவர். என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், வீட்டுக்கு வரும்போதெல்லாம் சோபாவில் சாய்ந்துகொண்டு, “மாப்ள, நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க. அதான் தலைவலி” என்பார்.

“ண்ணா, அவரு யோசிச்சிருந்தா இந்தக் கடையில சேர்ந்திருப்பாரா?” என்றாள் என் மனைவி உள்ளேயிருந்து. எனக்காகப் பேசுவது அவள் ஒருத்திதான். அதுவும் இந்த லட்சணத்தில்.

டாக்டர் சொன்னது மட்டும் வேலை செய்தது. அதில் பெருமைப்படும்படி ஒன்றும் இல்லை. தினமும் ஒரே நேரத்தில் தூங்கு, ஒரே நேரத்தில் சாப்பிடு, ராத்திரி இந்த மாத்திரை, வலி வரப்போகிறது என்று தெரிந்த உடனே அந்த மாத்திரை, போட்டுவிட்டு இருட்டில் அரைமணி நேரம் படு. கடைசி வரியைச் சொல்லும்போது மட்டும் அவர் கொஞ்சம் தயங்கினார். “கடையில இருட்டு கிடைக்குமா?”

கிடைத்தது. கடைக்குப் பின்னால் இருந்த சரக்கறையில் பல்பு ஃபியூஸ் ஆகி ரொம்ப நாளாகியிருந்தது. விளக்குக் கடைக்காரர்களுக்குச் சொந்த பல்பை மாற்ற எங்கே நேரம்? எங்கள் எலக்ட்ரீசியன் எதைக் கேட்டாலும் “ஹோல்டர் மாத்தணும்” என்பார், மாற்ற மாட்டார். அவருக்கு ஹோல்டர் என்றே பெயர் வந்துவிட்டது. அவருடைய சோம்பேறித்தனத்தால்தான் என் பிழைப்பு ஓடியது. காலி அட்டைப்பெட்டிகளைப் பிரித்துத் தரையில் விரித்து, நனைத்த கைக்குட்டையைக் கண்மேல் போட்டுப் படுத்துவிடுவேன். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அக்காதான் எனக்குக் காவல். எல்லோருக்கும் அவர் கல்லாக்கா. பில் போட்டபடியே என் கொட்டாவிகளை எண்ணுவார். “தம்பி, மூணாச்சு. மாத்திரையப் போட்டுட்டு உள்ள போ. நான் பாத்துக்கறேன்.” அரைமணி கழித்து எழுந்து வந்தால் மனிதனாக இல்லாவிட்டாலும் விற்பனையாளனாக நிற்க முடியும்.

இப்படியே ஓய்வு பெற்றுவிடலாம் என்று இருந்தபோதுதான் மாப்பிள்ளை வந்தார்.

முதலாளி வயதாகி வீட்டோடு இருந்துவிட்டார். கடையை மகளைக் கட்டிய மாப்பிள்ளையிடம் ஒப்படைத்தார். கடையில் எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளைதான், முதுகுக்குப் பின்னால். நேரில் சார். நானும் ஒரு வீட்டுக்கு மாப்பிள்ளைதான், எனக்கு யாரும் கடை கொடுக்கவில்லை என்ற வருத்தம் உண்டு. அவர் நிர்வாகம் பற்றி எங்கோ ஏதோ படித்திருந்தார். வாரத்தின் முதல் நாள் காலையில் எங்களை வட்டமாக நிற்கவைத்து, “நாம வெளிச்சம் விக்கல. நாம வாழ்க்கையை விக்கறோம்” என்பார். ஹோல்டர் என் காதருகே, “அதுக்கு கேரண்டி உண்டான்னு கேளுண்ணே” என்பார்.

வந்த வாரமே என் கறுப்புக் கண்ணாடிக்குத் தடை போட்டார். டாக்டர் எழுதிக் கொடுத்த கண்ணாடி அது. “லைட்டு விக்கறவரே கண்ணு கூசுதுன்னு நின்னா கஸ்டமர் என்ன நினைப்பாங்க?” கேள்வி நியாயம்தான். கழற்றி வைத்தேன்.

அதன் பலன் ஒரு மத்தியானம் தெரிந்தது. கூட்டமான நேரம். மூன்றாவது கொட்டாவியை எண்ணக் கல்லாக்காவுக்கு நேரமில்லை. நான் ஒரு தம்பதிக்குத் தோட்ட விளக்கு காட்டிக்கொண்டிருந்தேன். கணவரின் பாதி முகம் போயிற்று. பிறகு மனைவியின் பாதி. அதற்கப்புறம் என் வயிறு முடிவெடுத்தது. கையில் இருந்த பாத்திரம் உருண்டையான கண்ணாடிக் கூண்டு ஒன்றுதான். அதற்குள் வாந்தி எடுத்தேன். அழகான கூண்டு, ஒரு சொட்டுக்கூட வெளியே சிந்தவில்லை. அந்த அம்மாள் இரண்டடி தள்ளி நின்று, “இதே மாடல்ல வேற பீஸ் இருக்கா?” என்று கேட்டார்.

மாப்பிள்ளை என்னை அறைக்குக் கூப்பிட்டார். கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. எத்தனை நாளாக, எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று விசாரித்தார். நான் மழுப்பினேன். கூட வந்த கல்லாக்கா, எனக்கு நல்லது செய்வதாக நினைத்து, சரக்கறையையும் அட்டைப்பெட்டிப் படுக்கையையும் சொல்லிவிட்டார்.

“அட்டைப்பெட்டி மேலயா? நம்ம குடும்பத்துல ஒருத்தர் அட்டைப்பெட்டி மேலயா?” என்று மாப்பிள்ளை கலங்கினார். பிறகு புன்னகையோடு சொன்னார்: “இதுக்கு நான் ஒரு நிரந்தரத் தீர்வு பண்றேன். ஆனா அதுக்கப்புறமும் கடையில இப்படி ஒண்ணு நடந்தா, நீங்க வீட்டுலயே ரெஸ்ட் எடுக்கறதுதான் நமக்கு நல்லது. புரியுதில்ல?”

புரிந்தது. என் வயதில் எனக்குத் தெரிந்த ஒரே தொழில் விளக்கு விற்பது. அதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது ஓர் இருட்டறை. அதை இப்போது சரிசெய்யப் போகிறார்கள்.

சரி செய்தார்கள். சரக்கு மாடிக்குப் போயிற்று. சுவருக்கு நீல வண்ணம். கூரையில் நட்சத்திர மண்டலம்: விற்காமல் கிடந்த பொடி விளக்குகள் அத்தனையும் நிறம் மாறி மாறிக் கண் சிமிட்டின. மூலையில் அருவிச் சத்தம் போடும் பெட்டி. பக்கத்தில் வாசனைப் புகை விடும் இயந்திரம். நடுவே சாய்வு நாற்காலி. வாசலில் எரியும் எழுத்தில் “மன அமைதி மையம்”. வெளிச்சம், சத்தம், வாசனை. என்னைத் தலைவலிக்குப் பிடித்துக் கொடுப்பவை மூன்றே மூன்று. மூன்றையும் ஒரே அறையில் சேர்த்து எனக்காகவே கட்டியிருந்தார்கள்.

திறப்பு விழா அன்று விளக்குக் கம்பெனி ஏஜெண்டுகள் சிலரும் வந்திருந்தார்கள். என்னை நாற்காலியில் சாய்த்தார்கள். “எல்லாமே சென்சார். ஆள் நுழைஞ்சா தானா ஆன் ஆகும். நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம், சும்மா அனுபவிங்க” என்றார் மாப்பிள்ளை. கைதட்டினார்கள். கதவைச் சாத்திவிட்டுப் போனார்கள். எனக்கு அன்று காலையிலிருந்தே கொட்டாவி. தலைக்கு மேல் பிரபஞ்சம் பச்சையிலிருந்து ஊதாவுக்கு மாறிக்கொண்டிருந்தது. எழுந்து ஓடினால் வேலை போகும் என்று கண்ணை மூடிக் கிடந்தேன். தலையை அசைத்தால் வலிக்கும், கையைத் தூக்கினால் வலிக்கும். ஒற்றைத் தலைவலிக்காரன் படுத்தால் பிணத்துக்குக்கூட அவனைவிடக் கொஞ்சம் சுறுசுறுப்பு இருக்கும்.

திடீரென்று எல்லாம் நின்றது. அருவி நின்றது. புகை நின்றது. கண்ணைத் திறந்தேன். கும்மிருட்டு.

மெதுவாகத்தான் விளங்கியது. சென்சாருக்குத் தெரிந்தது அசைவு மட்டும்தான். பத்து நிமிடம் எதுவும் அசையாவிட்டால், ஆள் போய்விட்டான், மின்சாரம் மிச்சம் என்று அணைத்துவிடும். ஓய்வெடுக்கக் கட்டிய அறையில், ஓய்வெடுப்பவன் அசையாமல் இருப்பான் என்பது படித்தவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. விளக்கு எரிவதைப் பற்றி மட்டுமே யோசிப்பவர்கள் நாங்கள்.

அன்று ராத்திரி மனைவியிடம் சொன்னேன். “அப்ப பத்து நிமிஷம் செத்த மாதிரி கெடந்தா மிச்ச நேரம் நிம்மதியா?” என்றாள்.

“ஆமா.”

“கல்யாணமான புதுசுலேர்ந்து உங்களுக்கு அதுல பழக்கம்தானே” என்று சொல்லிவிட்டு மாத்திரையை எடுத்து வந்தாள்.

ஆனால் நிம்மதியாகக் கிடக்க விட்டால்தானே? மாப்பிள்ளைக்கு அந்த அறையில் அப்படி ஒரு பெருமை. வருகிறவர் போகிறவரையெல்லாம் கூட்டி வந்து கதவைத் திறப்பார். திறந்த நொடியில் பிரபஞ்சம் பளீரென்று பற்றிக்கொள்ளும், அருவி கொட்டும், புகை சீறும். “இவர்தான் நம்ம சீனியர் ஸ்டாஃப். எப்படி ரிலாக்ஸ் பண்றார் பாருங்க” என்பார். நான் பல்லைக் கடித்தபடி ரிலாக்ஸ் பண்ணுவேன். அவர்கள் போன பிறகு மறுபடியும் பத்து நிமிடம் சாக வேண்டும். ஒரே மத்தியானத்தில் மூன்று தடவை செத்திருக்கிறேன். வலி முன்பைவிட மோசமாயிற்று. ஒருநாள் கடையில் சரவிளக்கின் சங்கிலியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். மாப்பிள்ளை தூரத்திலிருந்து பார்த்துப் புன்னகைத்தார். அந்தப் புன்னகையின் அர்த்தம் எனக்குத் தெரியும்.

கடைசியில் ஹோல்டர்தான் கறுப்பு டேப்போடு வந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக யாரும் கேட்காமலே ஒரு வேலை செய்தார். கையை எட்டி நீட்டி, கதவுக்கு மேலே இருந்த சென்சாரின் கண்ணில் ஒரு துண்டை ஒட்டினார்.

“யாராவது கேட்டா?” என்றேன்.

“பார்ட்ஸ் வரணும்னு சொல்லுண்ணே. பார்ட்ஸ் எப்ப வந்திருக்கு?”

இருட்டு திரும்பி வந்தது. நல்லவேளையாக அந்த வாரம் மாப்பிள்ளைக்கு அறையைக் காட்ட ஆள் கிடைக்கவில்லை. ஆனால் ஏசி குளிரில் அந்த டேப்பின் ஒரு மூலை மெல்ல உரியத் தொடங்கியது. என்றைக்கு விழுமோ என்று நான் பழையபடி அசையாமலேதான் படுத்தேன்.

ஒரு மத்தியானம் மாத்திரை போட்டுக்கொண்டு உள்ளே கிடக்கிறேன், கதவு திறந்தது. பிரபஞ்சம் எரியப்போகிறது என்று கண்ணை இறுக்கினேன். எரியவில்லை. வந்தவர் என்னை யாருக்கும் காட்டவும் இல்லை. அவசரமாகக் கதவைச் சாத்தினார்.

“சொல்லுங்க மாமா” என்றார் போனில். மாப்பிள்ளையின் குரல். ஆனால் காலைக் கூட்டத்தில் கேட்கும் குரல் இல்லை, அதில் பாதிகூட இல்லை. “ஆமா மாமா… இல்ல மாமா, நான் யோசிச்சுத்தான்… இல்ல மாமா. யோசிக்கல மாமா… அந்த ரூம் ஸ்டாஃபுக்காக… ஆமா, உங்க காலத்துல இல்ல மாமா… தெரியும் மாமா, உங்க கடைதான்… சரிங்க மாமா… வீட்டுல அவகிட்ட சொல்லாதீங்க மாமா.”

போன் அணைந்தது. நீளமாக ஒரு மூச்சு. பிறகு இருட்டில் தடவிக்கொண்டு வந்து நாற்காலியில், அதாவது என் கால்மேல், உட்கார்ந்தார்.

“சார்” என்றேன்.

துள்ளி எழுந்தார். “யாரு?”

“நான்தான் சார்.”

“எவ்வளவு நேரமா இருக்கீங்க?”

“மாமாவுக்கு முன்னாலேர்ந்து சார்.”

நாற்காலியிலிருந்து இரண்டடி நகர்ந்தார். பிறகு மெதுவாக, “லைட்டு ஏன் எரியல?” என்றார். போனின் விளக்கைப் போட்டார். நான் முகத்தைப் பொத்திக்கொண்டேன். அதைப் பார்த்து விளக்கைச் சட்டென்று சுவர்ப்பக்கம் திருப்பினார். வட்ட வெளிச்சம் சுவரில் ஏறி, கதவுக்கு மேலே போய், கறுப்பு டேப்பின் மேல் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. என் வேலை போய்விட்டது என்று எண்ணிக்கொண்டேன். அதற்காகப் பதறக்கூடத் தெம்பில்லை.

“வலிக்குதா?” என்றார்.

இந்தக் கேள்வியை அவர் இதுவரை கேட்டதில்லை. தீர்வை மட்டும்தான் கொடுத்திருந்தார்.

“வலிக்குது சார்.”

“பேசினா அதிகமாகுமா?”

“ஆகும் சார்.”

பேச்சை நிறுத்தினார். அவர் கையில் போன் மறுபடி அதிர்ந்தது. பார்த்தார், எடுக்கவில்லை. அது தானாக ஓயும் வரை காத்திருந்தார். பிறகு எட்டி, கால் விரல்களில் நின்று, உரிந்துகொண்டிருந்த டேப்பின் மூலையைக் கட்டை விரலால் அழுத்தி ஒட்டினார். ஒட்டியதா என்று ஒருமுறை தடவிப் பார்த்தார். போன் விளக்கை அணைத்தார். இருட்டில் சுவரோரம் அவர் உட்காரும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தார். இரண்டு பேரும் மூச்சு விட்டதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

அப்புறம் சத்தம் வராமல் கதவைத் திறந்து வெளியே போனார். யாரோ அறையைப் பார்க்க வந்திருக்க வேண்டும். சாத்திய கதவுக்கு அப்பால் அவருடைய பெரிய குரல் திரும்ப வந்திருந்தது: “உள்ள இப்ப பார்க்க முடியாதுங்க. சென்சார்ல ஒரு சின்ன பிரச்சினை. பார்ட்ஸ் வரணும்.”

அந்த அறையில் அன்றுதான் முதல்முறையாகப் புரண்டு படுத்தேன். எதுவும் எரியவில்லை. வலியும் கூடவே புரண்டு படுத்தது.