வெள்ளக்கடையில் எதுவும் மாறாத காலம்

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வெள்ளக்கடை என்ற மலைக் கிராமத்தில் எல்லாம் மாறாமல் நின்றுபோனது. உறை ஊற்றிய பால் பாலாகவே இருந்தது. இட்லி மாவு புளிக்கவில்லை, காப்பிப் பழம் சிவக்கவில்லை, மளிகைக்கடை வெங்கடாசலத்துக்குத் தாடி முளைக்கவில்லை. விசாரித்ததில், அவர் கடை மாடியில் தங்கியிருந்த பொருளாதார நிபுணர் ஜீவானந்தம்தான் காரணம் என்று தெரிந்தது. ஒரு தீவு நாட்டோடு தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் போடப்போகிறார்களாம். அங்கிருந்து மிளகு வரியில்லாமல் வந்திறங்கினால் நம் மலை மிளகின் விலை என்னவாகும் என்று கணித்துச் சொல்ல அரசாங்கம் அவரை அனுப்பியிருந்தது. மனிதர் அறிக்கையின் முதல் வரியிலேயே, ‘வெள்ளக்கடையில் மற்றவை எதுவும் மாறாது என்று கொள்வோம்’ என்று எழுதிவிட்டார். மிளகு விலை மட்டும் தன்பாட்டுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

ஊருக்கு இது பிடித்துப்போனது. கேஸ் சிலிண்டர் தீரவில்லை. மிளகு விவசாயி கமலக்கண்ணன் காரணமே இல்லாமல் பைக்கில் குப்பனூருக்குப் போய்வந்தான், பெட்ரோல் முள் அசையவில்லை. ஆனால் அவன் மனைவி புவனேஸ்வரிக்கு அந்தச் செவ்வாயோடு மாதம் நிறைந்திருந்தது. பிள்ளை வரவில்லை. பதினோராம் மாதமும் போனது, பன்னிரண்டும் போனது. சேலத்தில் ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, பிள்ளை சௌக்கியம், புறப்படத்தான் மனமில்லை என்றார். பாவம், படுக்கவும் முடியாமல் நடக்கவும் முடியாமல் அந்தப் பெண் பட்ட பாட்டைப் பார்த்துக்கொண்டே ஊர் நிம்மதியாகச் சமைத்துச் சாப்பிட்டது.

கடைசியில் மாமியார் அம்மணியின் தோளைப் பிடித்துக்கொண்டு அவள் மாடியேறினாள்.

“ஏனுங்க சார், அந்த ஒரு வரிய அழிச்சுப் போடுங்க. நொம்ப முடியலீங்க.”

“அது இல்லாம கணக்கே போட முடியாதும்மா. டெல்லியில கேப்பாங்க.”

“டெல்லியில யாருங்க சார் பன்னெண்டு மாசமாச் சுமக்கறாங்க?” என்றாள் அம்மணி.

ஜீவானந்தம் இளகிய மனசுக்காரர். அந்த வரியில் ‘புவனேஸ்வரி நீங்கலாக’ என்று சேர்த்தார். உடனே வலி எடுத்தது. அதோடு சரி. பிள்ளைக்கு விலக்கு தரவில்லையே, அது அசையவில்லை. அவள் மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு அலறிய அலறலில் கமலக்கண்ணன் ஓடிவந்தான்.

“பெட்ரோலும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாமுங்க சார்! அழிச்சுப் போடுங்க!”

ஜீவானந்தம் முழு வரியையும் அழித்தார். பெண் குழந்தை அந்த அறையிலேயே பிறந்தது. தேங்கிய மாதங்களெல்லாம் சேர்ந்து வந்ததில், தோள்வரை முடியும் நாலு பல்லும் இருந்தன. அதே நிமிடம் ஊரில் எல்லாச் சிலிண்டரும் தீர்ந்தன, மாவு குண்டான்களை விட்டு வழிந்தது, வெங்கடாசலத்தின் தாடி மார்புக்கு இறங்கியது. கேஸ் போச்சே என்று புலம்பிக்கொண்டே பார்க்க வந்தவர்கள், குழந்தையின் அழுகையைக் கேட்டதும் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டார்கள். மிளகு விலை ஏறலாம், இறங்கவும் இறங்கலாம் என்று ஜீவானந்தம் அறிக்கை கொடுத்தார். டெல்லியில் ஏற்றுக்கொண்டார்கள்.

அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. ஒப்பந்தங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனால் அந்த வரியை எழுதுவதற்கு முன்னால் ஜீவானந்தம் அம்மணிக்குப் போன் போட்டு, ஊரில் யாராவது மாசமாக இருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்கிறார். இருந்தால், பிரசவம் ஆகும்வரை இரண்டு அரசாங்கங்களும் காத்திருக்கின்றன.