நாலு மணிக்கு மேல்

மாட்லபெங்கில் இரண்டு வருடமாக மழை இல்லை. அதற்காகச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் ஒரேடிட்ஸே. வெளியே சொல்லிக்கொள்வதில்லை, உதை விழும்.

வேதியியல் படித்தவன். ஊருக்கு வெளியே நாற்பது கண்ணாடிகளை நிறுத்தி, வெயிலை ஒரு கலத்தின் மேல் குவித்து, தண்ணீரையும் காற்றிலிருந்து பிடித்த கரியமில வாயுவையும் உள்ளே அனுப்புவான். மறுபுறம் எரிபொருள் சொட்டும். வியாழக்கிழமை தலைநகரிலிருந்து அதிகாரி வருகிறார். காலை ஒன்பதிலிருந்து மாலை நாலுக்குள் ஒரு லிட்டர் சொட்ட வேண்டும். இல்லையென்றால் கண்ணாடிகளைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

அவனுடைய கவலையெல்லாம் தாய்மாமன் கெபொனாங்கைப் பற்றி. ஊர்த்தலைவர் அவர்தான். விருந்தாளி யார் வந்தாலும் ஊர்ச்சபையில் எழுந்து கையை உயர்த்தி "பூலா!" என்பார். மழை என்று அர்த்தம். வாழ்த்தும் அதுதான், கைதட்டலும் அதுதான். சென்ற இரண்டு சோதனைகளின்போதும் மாமா அதைச் சொல்லி ஒரு மணி நேரத்தில் மேகம் மூடியது. பெய்யவில்லை, மூடியதோடு சரி. சோதனை கெட்டது.

ஒரேடிட்ஸே இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. ஆனாலும் புதன்கிழமை மாமா வீட்டுக்குப் போனான்.

"மாமா, நாளைக்கு அந்த வார்த்தை வேணாமே."

"எந்த வார்த்தை?"

"அதான்... மேலேருந்து விழுமே, அது."

"படிச்சவன்னு பேரு. வாயால சொல்லவே நடுங்குறான் பாரு." மாமா மூக்குப்பொடியை உறிஞ்சினார். "மாடெல்லாம் எலும்பும் தோலுமா நிக்குது. நான் எந்திரிச்சு வெயில்னு வாழ்த்தட்டுமா? கல்லால அடிப்பானுங்கடா."

"நாலு மணி வரைக்கும்தான் மாமா."

"சரி, நாலு மணிக்கு மேலன்னு சேர்த்துச் சொல்றேன். போதுமா?"

"மழைக்கு மணி பார்க்கத் தெரியுமா மாமா?"

"நான் சொன்னா பார்க்கும். போடா."

வியாழன் காலை ஆளுக்கொரு நாற்காலியோடு ஊரே சபைக்கு வந்தது. அதிகாரி செகாமெட்ஸி முன்வரிசையில் அமர்ந்தார். மாமா எழுந்தார்.

"பூலா!" மருமகனின் முகத்தைப் பார்த்தார். "நாலு மணிக்கு மேல!"

"பூலா! நாலு மணிக்கு மேல!" என்றது கூட்டம், கொஞ்சமும் யோசிக்காமல்.

"இது என்ன புது வழக்கம்?" என்றார் செகாமெட்ஸி.

"இந்த ஊர்ல அப்படித்தாம்மா" என்றான் ஒரேடிட்ஸே.

பிறகு எல்லாரும் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு கண்ணாடிகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள். ஒரு மணிக்குக் குடுவையில் எழுநூறு மில்லி. அப்போது மேற்கே கறுத்தது. இந்த முறை மூடியதோடு நிற்கவில்லை. கொட்டியது.

ஊர் எழுந்து ஆடியது. செகாமெட்ஸி செருப்பைக் கழற்றிவிட்டு ஆடினார். ஒரேடிட்ஸே குடுவைக்குக் குடை பிடித்தான். மூடி போட்ட குடுவை அது. ஏன் பிடித்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. கலம் ஆறியது. சொட்டு நின்றது.

செகாமெட்ஸி மூச்சு வாங்க அவனிடம் வந்தார். "மன்னிச்சுக்கோங்க ஐயா. எழுநூத்தி இருபது. கழட்டச் சொல்லித்தான் எழுதணும்."

"யாரும் போகக்கூடாது!" மாமாவின் குரல். சொட்டச் சொட்ட நின்றார். "எல்லாரும் சபைக்கு வாங்க. வழக்கு இருக்கு."

"யார் மேல?"

"மழை மேல. சபையில வச்சு நாலு மணிக்கு மேலன்னு சொன்னோம். ஒரு மணிக்கே வந்து நிக்குது. தலைவர் பேச்சுக்கு என்ன மரியாதை?"

தீர்ப்புக்கு முன் சபையை விட்டு எழக்கூடாது. செகாமெட்ஸியும் இப்படியொரு ஊரில் பிறந்தவர்தான். ஈர நாற்காலியில் உட்கார்ந்தார்.

மழையின் தரப்பில் பேசினார், மாடு மேய்க்கும் டிடிமாலோ. "ரெண்டு வருஷம் கழிச்சு வீட்டுக்கு வர்றவன் மணி பார்த்தா வருவான்?"

"திட்டித் துரத்திடாதீங்க தலைவரே" என்றாள் ஒருத்தி.

மாமா தொண்டையைச் செருமினார். "குத்தம் குத்தம்தான். ஆனா வந்த விருந்தாளிய அனுப்ப முடியாது. ஒரு நாள் வெயில் அபராதம். நாளைக்கே என் மருமகன்கிட்ட கட்டணும். கட்டுற வரைக்கும் சாட்சி ஊரை விட்டுப் போகக்கூடாது."

"சாட்சி யாரு?" என்றார் செகாமெட்ஸி.

"நீங்கதாம்மா. ஒரு மணின்னு காட்டினது உங்க கடிகாரம்."

வெள்ளிக்கிழமை வானம் கழுவிவைத்த தட்டுபோல் இருந்தது. ஒரேடிட்ஸே தினமும் துணியால் துடைத்தும் போகாத புழுதி, கண்ணாடிகளில் ஒரு பொட்டுக்கூட இல்லை. குடுவையைக் காலிசெய்து ஒன்பது மணிக்கு மறுபடி ஆரம்பித்தான். பன்னிரண்டரைக்கு ஒரு லிட்டர்.

செகாமெட்ஸி கையெழுத்துப் போட்டார். பிறகு 'தாமதத்துக்குக் காரணம்' என்ற கட்டத்தில் பேனா நின்றது.

"மழைன்னு எழுதுங்கம்மா."

"மழை பெய்யுற ஊர்ல எதுக்கு வெயில் எரிபொருள்னு கேப்பாங்க." யோசித்து எழுதினார்: எதிர்த்தரப்பு அபராதம் செலுத்தும்வரை காத்திருக்க நேர்ந்தது.

"எதிர்த்தரப்பு யாருன்னு கேட்டா?"

"கேக்க மாட்டாங்க ஐயா. கட்டியாச்சான்னு மட்டும்தான் பார்ப்பாங்க."