எட்னாவின் அடுப்பில் எஞ்சின் கூடு

ஈஸ்டருக்குள் எஞ்சின் ஒன்றுசேராவிட்டால் வண்டியை விற்றுவிட வேண்டும் என்று அக்கா எட்னா சொல்லிவிட்டாள். எங்கள் டட்லி ஊரில் அவள் பேச்சுக்கு அப்பீல் கிடையாது. அத்தான் ஹோரஸுக்கோ அந்தப் பழைய ஒற்றை சிலிண்டர் மோட்டார் சைக்கிள்தான் உயிர்.

எஞ்சின் தேய்ந்துவிட்டதா என்று பார்ப்பது எளிது. பிஸ்டனைத் தாங்கும் தண்டை இரண்டு கையாலும் பிடித்து ஆட்ட வேண்டும். பக்கவாட்டில் கொஞ்சம் அசையலாம். எண்ணெய் புக இடம் வேண்டுமே. மேலும் கீழும் மட்டும் அசையவே கூடாது. அத்தானுடையது வாடகை வசூலிக்க வந்தவர் கதவைத் தட்டுவதுபோல் தட்டியது. அதையெல்லாம் மாற்றியாயிற்று. ஈஸ்டருக்கு முந்தின நாள் பொருத்த மிச்சமிருந்தது புது பேரிங் ஒன்றுதான், சுழலும் தண்டைத் தாங்கும் எஃகு வளையம்.

அதைச் சுத்தியலால் அடித்து இறக்கக்கூடாது. எஞ்சின் கூடு அலுமினியம். சூடானால் நன்றாக விரியும். பேரிங் எஃகு; குளிரில் சுருங்கும். கூட்டை ஓவன் அடுப்பிலும் பேரிங்கை ஃப்ரீஸரிலும் வைத்தால் ஒன்றுக்குள் ஒன்று தானாகவே விழும். எங்கள் மோட்டார் சைக்கிள் கிளப்பில் எல்லோரும் இப்படித்தான் செய்வோம், மனைவி வெளியே போன நேரம் பார்த்து.

அக்கா சர்ச் விருந்துக்குப் போயிருந்தாள். அத்தான் அடுப்பைத் திறந்து கூட்டின் மேல் துப்பினார். எச்சில் துள்ளி ஓடியது.

"பதம் வந்துடுச்சு! பேரிங்கை எடு மச்சான், சீக்கிரம்!"

பேரிங்கை அலுமினியத்தாளில் சுற்றித்தான் ஃப்ரீஸரில் வைத்திருந்தோம். அங்கிருந்த பொட்டலத்தைப் பிரித்தேன்.

"அத்தான், இது ஈரல் உருண்டை."

"அப்போ பேரிங்?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அக்கா விருந்துக்கு எடுத்துப்போனது ஈரல் உருண்டை அல்ல.

அப்போதுதான் கதவு திறந்தது. எட்னா பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து மேஜையில் போட்டாள். மேஜை அதிர்ந்தது.

"பாதிரியார் முள்ளுக்கரண்டியால குத்திட்டாருடா! கரண்டி வளைஞ்சே போச்சு. 'உங்க வீட்டுப் பக்குவமா?'ன்னு கேக்குறாரு!"

அத்தான் பொட்டலத்தைத் தொட்டு வெடுக்கென்று கையை இழுத்தார். "சுடுதே!"

"சர்ச் அடுப்புல வெச்சு வேகவெச்சா சுடாம?"

கூடும் சூடு, பேரிங்கும் சூடு. இரண்டும் விரிந்து நின்றால் எது எதற்குள் போகும்? அத்தான் நாற்காலியில் சாய்ந்தார். "போச்சு. வித்துடு எட்னா."

அவள் ஃப்ரீஸரிலிருந்து உறைந்த பட்டாணிப் பையை எடுத்து, நடுவில் பேரிங்கைப் புதைத்து அமுக்கினாள். பேரிங்கில் பனி பூத்ததும், "உங்க தகரத்தை வெளிய எடுங்க. எனக்கு அடுப்பு வேணும்" என்றாள்.

அத்தான் கூட்டைத் துணியால் பிடித்து எடுத்து மேஜையில் வைத்தார். எட்னா பேரிங்கைக் கூட்டின் துளைக்கு நேராகப் பிடித்து, கையை விட்டாள்.

டொக்!

அடிவரை போய் உட்கார்ந்தது. அத்தான் அவளைக் கட்டிப்பிடிக்கப் போனார்.

"தொடாதீங்க. ஆறட்டும்."

சூடு ஆற ஆற, அலுமினியம் சுருங்கி எஃகை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. இனி அது அசையாது என்று உறுதியானதும் எட்னா கோட்டைக் கழற்றி மாட்டினாள், கைகளை இடுப்பில் ஊன்றினாள், அந்த முள்ளுக்கரண்டியிலிருந்து திட்டத் தொடங்கினாள்.