திருடனுக்கான போன்

காலை ஆறு ஐம்பதுக்குப் பள்ளி வாசலில் இருந்தவர்கள்: வாயிற்காவலர் கில்தாசியோ. மாணவர் கண்காணிப்பாளர் ரைல்தா, பிள்ளைகள் வாயில் 'அத்தை'; அவள் முன்னால் ஒரு மேசை, அதன்மேல் எண் போட்ட குழிகளுள்ள மரப்பெட்டி, ஒரு பதிவேடு. மேல்நிலை இரண்டாம் ஆண்டு 'பி' பிரிவு மாணவர்கள் முப்பத்தாறு பேர், வரிசையில், கொட்டாவியோடு. மூன்று படி மேலே, காபிக் கோப்பையுடன் துணை முதல்வர் நோர்மா சுவேலி.

மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. ரைல்தா ஒவ்வொருவரிடமும் போனை வாங்கி, குழியில் செருகி, பெயருக்கு நேரே கோடு போட்டாள்.

"சீக்கிரம் அத்தை. ஜெயில்லகூட இதைவிட வேகமா உள்ள விடுவாங்க" என்றான் உவெஸ்லெய்.

"உங்கப்பன் சொன்னானா?"

வரிசை சிரித்தது. உவெஸ்லெய் சிரிக்கவில்லை. போனைப் பெட்டியில் விட்டெறிந்துவிட்டு உள்ளே போனான்.

அடுத்தவள் ஜுசியாரா. அவள் நீட்டிய போனின் கண்ணாடி நொறுங்கி, மேலே செலோடேப் ஒட்டியிருந்தது. ரைல்தா பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திப் பார்த்தாள். திரை இருட்டாகவே இருந்தது.

"சார்ஜ் இல்ல அத்தை."

"பிப்ரவரியிலேருந்து சார்ஜ் இல்லையா?"

"எங்க குடிசை மேட்டுல கரண்ட் அப்படி."

"பேட்டரியே இல்லடி இதுல. கைக்குக் கனம் தெரியாதா எனக்கு?"

"அப்போ எடுத்துக்காத. பெட்டியில முப்பத்தஞ்சுதான் இருக்கும். டீச்சர் பாத்துக்கிட்டிருக்காங்க."

ரைல்தா அதைப் பதினேழாம் குழியில் செருகினாள். கோடு போட்டாள். கோட்டுக்குப் பக்கத்தில் யாருக்கும் தெரியாத அளவில் ஒரு சிலுவைக் குறியும் போட்டாள்.

பிரேசிலின் சால்வடார் நகரத்தில் அந்தப் பொருளுக்குப் பெயரே உண்டு: திருடனுக்கான போன். பேருந்தில் துப்பாக்கியோடு ஏறுகிறவனுக்கு எதையாவது கொடுத்தாக வேண்டும். வெறுங்கையை விரித்தால் அடிப்பான். அதனால் செத்துப்போன பழைய போனைக் கைப்பையிலும் நல்ல போனை உள்ளாடையிலோ காலுறையிலோ வைத்துக்கொண்டு போவார்கள். ரைல்தாவின் கைப்பையிலும் ஒன்று கிடந்தது. பள்ளிகளில் போன் கூடாது என்று சட்டம் வந்த முதல் வாரத்திலேயே, திருடனுக்குக் கொடுப்பதைப் பள்ளிக்கும் கொடுக்கலாம் என்று பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

பையைத் திறக்கக் கூடாது, மாணவர் உடம்பில் கை வைக்கக் கூடாது என்பது அவளை வேலைக்கு அனுப்பிய ஒப்பந்த நிறுவனத்தின் விதி. இவளுக்கு முன்னால் இருந்தவள் ஒரு பையனின் பையைக் குடைந்து, அவன் அம்மா போலீசுக்குப் போய், வேலை போனது. நோர்மா சுவேலிக்கு வேண்டியது எண்ணிக்கை. ஏழு இருபதுக்கு நிரம்பிய பெட்டியைப் படம் எடுத்து வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்புவாள். வந்தவர் முப்பத்தாறு, ஒப்படைத்தவர் முப்பத்தாறு, நூறு சதவீதம். மே மாதக் கூட்டத்தில் அந்தப் பள்ளியின் பெயரைச் சொல்லிக் கைதட்டினார்கள்.

சிலுவை ரைல்தாவின் சொந்த ஏற்பாடு. யாரிடம் இன்னொரு போன் இருக்கிறது என்று தெரிந்தால்தான் நடைபாதையில் யாரைக் கவனிப்பது, எந்தக் கழிப்பறைக் கதவைத் தட்டுவது என்று தெரியும். பதினொரு சிலுவைகள் இருந்தன. இதுவரை நான்கு பேரைப் பிடித்திருந்தாள். பெண்கள் கழிப்பறைக் கதவில் அவள் பெயரை ஆணியால் கீறி, பக்கத்தில் ஒரு நாயை வரைந்திருந்தார்கள். அது அவளை ஒன்றும் செய்யவில்லை. பதினான்கு மாதம் வேலையில்லாமல் இருந்துவிட்டு வந்தவள் அவள். மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிப்பார்களா என்பது நோர்மா சுவேலி எழுதித் தரப்போகும் ஒரு பக்கத்தில் இருந்தது.

புதன்கிழமை இரண்டாம் பாடவேளையில், 'பி' பிரிவு உட்காரும் ஏழாம் அறையின் கூரைப்பூச்சு விழுந்தது. ஒரு மாதமாக ஒழுகி ஊறியிருந்த இடம். கதவளவுக்கு ஒரு பாளம், அதன் பின்னால் இரண்டு ஓடுகள். மரினேஸ் என்ற மாணவிக்குத் தோளின் காறையெலும்பு முறிந்தது.

மதிய உணவுக்கு முன்பே ஊரெல்லாம் அந்தக் காணொளியைப் பார்த்தது. பத்தொன்பது வினாடி. வெள்ளைத் தூசி. பாடப் புத்தகத்தைத் தலைக்கு மேல் பிடித்தபடி கணக்கு ஆசிரியர். பெஞ்சுக்கும் சுவருக்கும் நடுவே தோளைப் பிடித்துக்கொண்டு மரினேஸ். எடுப்பவளின் குரல்: "அசையாத மரி, அசையாத. யாராச்சும் தூக்குங்களேன், சும்மா நின்னு பாக்குறீங்க."

சமையலறைப் பெண்ணின் போனில் அதைப் பார்த்த ரைல்தாவுக்குக் குரல் யாருடையது என்று உடனே தெரிந்தது. தினமும் காலையில் கேட்கும் குரல். அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஏழாம் அறைக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அவளைத் துணை முதல்வர் அறைக்குக் கூப்பிட்டார்கள். பதிவேட்டையும் கொண்டுவரச் சொன்னார்கள். ஒப்பந்த நிறுவனத்தின் மேற்பார்வையாளர் அடெல்மோ நனைந்த ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவளுக்கு நாற்காலி போடவில்லை.

"முப்பத்தாறு பேர், முப்பத்தாறு போன், எல்லாம் பெட்டியில. அப்போ படம் புடிச்சது யாரு, பல்லியா?" என்றாள் நோர்மா சுவேலி.

"தெரியாது டீச்சர்."

"அலுவலகத்திலேருந்து ஆறு தடவ கூப்பிட்டாச்சு. கூரையப் பத்தி ஒரு வார்த்த கேக்கல. வகுப்புக்குள்ள போன் எப்படி வந்ததுன்னுதான் கேக்குறாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

"தெரியாதுன்னா கண்காணிப்பாளர்னு ஒருத்தி எதுக்கு?" என்றான் அடெல்மோ. அவன் ரைல்தாவைப் பார்க்கவில்லை, நோர்மா சுவேலியைப் பார்த்துச் சொன்னான். "எங்ககிட்ட வரிசையில நாலு பேர் காத்திருக்காங்க டீச்சர். திங்கக்கிழமையே அனுப்பலாம்."

மேசையில் ஒரு தாள் தட்டச்சு செய்து கிடந்தது. தலைகீழாக ஒரே ஒரு சொல்லை ரைல்தாவால் படிக்க முடிந்தது: கவனக்குறைவு. கையெழுத்துக்கான இடம் காலியாக இருந்தது.

அவள் பதிவேட்டைத் திறந்து மேசைமேல் வைத்தாள்.

"ஜுசியாரா. பதினேழாம் நம்பர். அவ குரல்தான் அது. அவ தினமும் குடுக்கிறது திருடனுக்கான போன். நான் ஒண்ணும் அசந்துபோயி இல்ல டீச்சர். பாருங்க, குறிச்சே வெச்சிருக்கேன்."

நோர்மா சுவேலி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பதினேழாம் பெயரைத் தேடினாள். சிலுவையைப் பார்த்தாள். விரல் அங்கேயே நிற்காமல் மேலும் கீழுமாகப் போனது. பக்கத்தைத் திருப்பினாள். முந்தைய நாள். அதற்கு முந்தைய நாள். ஏப்ரல். மார்ச்.

"இந்தச் சிலுவை எல்லாம்?"

ரைல்தாவுக்கு அப்போதுதான் புரிந்தது.

"கேக்குறேன்ல. இதெல்லாம் என்ன?"

"அதுவும் அப்படித்தான் டீச்சர்."

"பதினொண்ணு. தினமும் பதினொண்ணு. நூறு சதவீதம்னு கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கேன் நான்."

"எண்ணிக்கை சரியா இருந்தாப் போதும்னு நீங்கதான் சொன்னீங்க."

"ரைல்தா" என்றான் அடெல்மோ.

"செத்த போன் குடுத்தா என்ன பண்ணன்னு முதல் வாரமே கேட்டேன். பெட்டியில போடுன்னீங்க. இதே அறையில."

"ரைல்தா. போதும்."

நோர்மா சுவேலி கண்ணாடியைக் கழற்றினாள். "அசந்துபோனவன்னா பயிற்சி குடுக்கலாம். இவ தெரிஞ்சே வாங்கியிருக்கா. கைப்பட எழுதியும் வெச்சிருக்கா." பதிவேட்டை மூடி மேசை இழுப்பறையில் வைத்தாள். "இது இந்த அறையை விட்டு வெளிய போக வேண்டாம். திங்கக்கிழமை புதுசு ஒண்ணு போட்டுக்கலாம்."

அந்தத் தாளை அருகில் இழுத்து, 'கவனக்குறைவு' என்பதை அடித்துவிட்டு அதன் மேலே வேறு ஏதோ எழுதினாள். பிறகு கையெழுத்திட்டாள். அடெல்மோ எழுந்து அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

ஜுசியாராவை அழைத்துவந்தார்கள். அவள் பேசியது நடைபாதைவரை கேட்டது.

"ஆபத்துன்னா போன் எடுக்கலாம்னு சட்டத்துலயே எழுதியிருக்கு டீச்சர். நீங்கதான் காலைக் கூட்டத்துல படிச்சீங்க."

"ஆபத்து முடிஞ்சப்புறம்தான் நீ எடுத்திருக்கே."

"மரினேஸ் கீழ கிடந்தா. அது முடிஞ்சதா?"

"குரலை இறக்கு. உங்கம்மா வரட்டும். வேற பள்ளிக்கூடத்துக்குக் கடுதாசி தர்றேன். கீழ, ரயிலடிப் பக்கம்."

"அது வேற கும்பலோட இடம். எங்க மேட்டு ஆளுங்க அங்க போனா வெட்டிருவாங்க. தெரியாதா உங்களுக்கு?"

"அதுக்குப் பள்ளிக்கூடம் ஒண்ணும் பண்ண முடியாது."

ரைல்தா தன் பையை எடுத்துக்கொண்டு வந்தபோது ஜுசியாரா வெளிப்பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நடைபாதை நெடுகப் பிளாஸ்டிக் வாளிகள். அவற்றில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நீதான் சொன்னியா?"

"ஆமா."

"குரலை வெச்சே கண்டுபுடிச்சிட்டியாக்கும். நல்ல நாய்தான் நீ. கதவுல சரியாத்தான் வரைஞ்சிருக்கு."

"உனக்குப் படம் மட்டும் எடுத்தாப் போதாதா? வாயை மூடிக்கிட்டு எடுத்திருக்கலாம்ல?"

"அவ எலும்பு வெளிய தெரிஞ்சது."

ரைல்தா பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். ஜுசியாரா அவள் தோளில் தொங்கிய பையைப் பார்த்தாள், அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த சாப்பாட்டு டப்பாவைப் பார்த்தாள்.

"உன்னையும் தூக்கிட்டாங்களா?"

"ம்."

"என்ன குடுத்தாங்க உனக்கு, சொன்னதுக்கு?"

"பாத்தேல்ல" என்றாள் ரைல்தா.

ஜுசியாரா சிரித்தாள். கொஞ்சமும் இரக்கமில்லாத சிரிப்பு. பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். ரைல்தா ஒரு வாளியைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

வாசல் முழுதாகத் திறந்திருந்தது. கல்வி அலுவலகத்தின் லாரி ஒன்று பின்பக்கமாக வந்து நின்றிருந்தது. நான்கு ஆட்கள் அட்டை சுற்றிய ஆளுயரப் பொருள் ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"கூரைக்கா வந்திருக்கு, கில்தாசியோ அண்ணே?"

"கூரைக்கு எங்க? போன் வெக்கிற அலமாரி. இரும்பு. நாப்பது பூட்டு இருக்காம்." அவர் பேசியபடியே ஆட்களிடம் திரும்பினார். "ஏழாம் ரூம் பக்கமாப் போகாதீங்கப்பா, அங்க மேல விழும்."

ரைல்தா சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டாள். முதல் அலமாரி போனது. இரண்டாவது போனது. தூக்கியவர்களின் செருப்பு ஈரத் தரையில் வழுக்கியது. ஒருவன் வாளியில் இடித்து, தண்ணீர் நடைபாதையில் கொட்டி ஓடியது. உள்ளேயிருந்து நோர்மா சுவேலியின் குரல் கேட்டது: "பாத்து, பாத்து. கீறல் விழாமக் கொண்டாங்க."

லாரி கிளம்பியது. கில்தாசியோ ஒரு கதவை மட்டும் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார்.

"சாயந்தரம்தான் மழை விடும்போல. கொஞ்சம் இங்கயே நிக்கிறியா?" என்றவர், படியில் நின்ற அடெல்மோவைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். "இல்ல, போயிரும்மா. வெளியாளை உள்ள வெச்சிருக்கக் கூடாதுன்னுட்டாங்க."

அவள் வெளியே வந்து நின்றாள். பின்னால் இரும்புக் கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு சாவி ஒருமுறை திரும்பியது, இன்னொருமுறை திரும்பியது.